மனித உரிமையில் முதுகலை படிக்கலாமா? சட்டமா, பல்துறையா?

பூங்குழலி

வணக்கம். சமூகவியலில் பட்டம் வாங்கிவிட்டு, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தைத் தராமல் இழுத்தடிப்பது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, அடிப்பது என்று வரும் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. எழுதியவை ஃபைலில் சேர்ந்துகொண்டே போகின்றன. எங்கே கொண்டுபோக வேண்டும், எப்படி எழுதினால் ஓர் அதிகாரியோ ஐ.நா. குழுவோ எடுத்துப் படிக்கும் என்று சொல்லித்தர இங்கே ஆள் இல்லை.

அதனால் மனித உரிமையில் முதுகலை படிக்கலாமா என்று யோசிக்கிறேன். தேடியதில் இரண்டு வகை கண்ணில் பட்டது. சட்டத் துறை நடத்தும் எல்எல்எம், அதாவது சட்டத்தில் முதுகலை, ஒன்று. அரசியல், வரலாறு, தத்துவம், சட்டம் எல்லாம் கலந்த எம்ஏ இன்னொன்று. எனக்குச் சட்டப் பட்டம் கிடையாது. சட்டம் படிக்காத ஆள் இந்தத் துறையில் படித்து என்ன செய்ய முடியும்? செலவழிக்கும் பணத்துக்குத் தகுமா? வேலையில் இருந்தபடியே கற்றுக்கொண்டால் போதாதா? "படித்தால் என்ன வேலை கிடைக்கும்" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் நேர்மையான பதில் வேண்டும்.

எழிலன்

எல்எல்எம் படிப்புகளில் பெரும்பாலானவை சட்டப் பட்டம் கேட்கும். நீண்ட கள அனுபவத்தைப் பார்த்து விலக்கு தரும் இடங்கள் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். எம்ஏ படித்தால் சட்டம் கைக்கு வராது என்றும் நினைக்காதீர்கள். பிரிட்டனில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் 1982இல் தொடங்கியது. அங்கே எல்எல்எம்மும் உண்டு, கோட்பாடும் நடைமுறையும் சேர்ந்த எம்ஏவும் உண்டு.

ஆனால் நீங்கள் சொல்லும் குறை இருக்கிறதே, அது சட்டம் சம்பந்தப்பட்ட குறைதான். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்ப 1966இல் ஒரு விருப்ப நெறிமுறை (விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் ஒப்பந்தம்) ஏற்கப்பட்டது, 1976இல் நடைமுறைக்கு வந்தது. புகார் வந்ததும் அநியாயம் நடந்ததா என்று குழு உடனே பார்ப்பதில்லை. அந்த நாடு நெறிமுறையில் சேர்ந்திருக்கிறதா? இதே விஷயம் வேறு பன்னாட்டு அமைப்பின் முன் நிற்கிறதா? உள்நாட்டில் இருக்கும் வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்தாயிற்றா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஏகப்பட்ட புகார்கள் விழுந்துவிடுகின்றன. "நீதிமன்றம் போனாலும் பயனில்லை" என்று எழுதினால் செல்லாது. எந்த மன்றம், எந்தத் தேதி, என்ன உத்தரவு, நகல் எங்கே? உள்நாட்டு விசாரணை அளவுக்கு மீறி இழுத்தால் விலக்கு உண்டு. அந்த இழுத்தடிப்பையும் தேதி போட்டுத்தான் காட்ட வேண்டும்.

நான் படித்த இடத்தில் ஓர் ஆசிரியர், காவலில் இறந்துபோன ஒருவரின் குடும்பம் எழுதிய நீண்ட கடிதத்தைப் பெயர்கள் நீக்கிக் கொடுத்தார். அதில் இருக்கும் தேதிகளை மட்டும் வரிசைப்படுத்தி ஒரே பக்கத்தில் தரச் சொன்னார். இறந்த நாள் இருந்தது, அடக்கம் செய்த நாள் இருந்தது. முதல் மனு எந்த நாளில் கொடுத்தார்கள், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பது எங்குமே இல்லை. முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டியது அதுதான் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது.

பூங்குழலி

எழிலன் சார், ரொம்ப நன்றி. எங்கள் படிவத்தில் சம்பவத் தேதிக்கு இடம் உண்டு, மனு கொடுத்த தேதிக்கு இல்லை. நாளைக்கே சேர்க்கச் சொல்கிறேன்.

மாறன்

சட்டத்தோடு நின்றுவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். நான் புள்ளியியல் படித்தவன். மனித உரிமை வேலையில் என் துறைக்கு இவ்வளவு இடம் இருக்கும் என்பது முதுகலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003இல் அறிக்கை தந்தது. 1980 முதல் 2000 வரை நடந்த வன்முறையில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று ஆணையத்திடம் நேரடியாகப் பதிவானவர்கள் சுமார் 24,000 பேர். ஆணையத்தின் மதிப்பீடோ 69,280. எங்கிருந்து வந்தது இவ்வளவு வித்தியாசம்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தயாரான பட்டியல்களை எடுத்து, ஒரே பெயர் எத்தனை பட்டியல்களில் திரும்ப வருகிறது என்று பார்த்தார்கள். பெயர்கள் அடிக்கடி திரும்ப வந்தால் பட்டியல்கள் கிட்டத்தட்ட எல்லோரையும் பிடித்துவிட்டன என்று பொருள். திரும்ப வருவது அரிதாக இருந்தால் எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு மதிப்பிடலாம். இந்த வேலையில் ஈடுபட்ட பாட்ரிக் பால் என்ற புள்ளியியலாளர் 2002இல் யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் மீதான வழக்கிலும், 2013இல் குவாத்தமாலாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோண்ட் மீதான வழக்கிலும் சாட்சி சொன்னார்.

பூங்குழலி, உங்கள் ஃபைலில் குவிந்து கிடப்பதும் ஒரு பட்டியல்தான். ஒவ்வொரு புகாரும் ஒரு வழக்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் அதிகம் பறிபோகிறது, எத்தனையாவது மாதத்தில் சம்பளம் நிற்கிறது என்று வகை பிரித்தால் அதுவே ஓர் ஆய்வேடு. சமூகவியல் படித்தவருக்கு இது சொந்த வீடு. அளவு முறையும் கள ஆய்வு முறையும் கட்டாயப் பாடமாக இருக்கும் எம்ஏ தேடுங்கள்.

செந்தாமரை

படிப்புகளின் அமைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே ஊரில் உட்கார்ந்து படிப்பது மட்டும்தான் வழி என்றில்லை. ஐரோப்பாவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1997இல் தொடங்கிய முதுகலை ஒன்று உண்டு. முதல் பருவம் எல்லோரும் வெனிஸில், லீடோ தீவில் பழைய சான் நிக்கோலோ மடத்தில். இரண்டாம் பருவத்தில் ஆளுக்கொரு பல்கலைக்கழகமாகப் பிரிந்து போய் ஆய்வேடு எழுதுவார்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் 2000இல் தொடங்கிய எல்எல்எம்மும் இந்த மாதிரிதான். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் மாணவர்கள் பாதி ஆண்டு சேர்ந்து படித்துவிட்டு, மீதிப் பாதியில் கண்டத்தின் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போவார்கள். அதே மையம் 1992 முதல் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு மாதிரி நீதிமன்றப் போட்டி நடத்துகிறது. ஆசியாவில் தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகம் 1990களின் கடைசியிலிருந்தே மனித உரிமையில் எம்ஏ தருகிறது. நியூயார்க்கில் கொலம்பியாவின் மையம் 1978இலேயே வந்துவிட்டது.

பெயர் பெரியதா என்பதை விட வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவத்தில் முக்கியம். என் வகுப்பில் முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் இருந்தார், சிறையில் இருந்துவிட்டு வந்த பத்திரிகையாளர் ஒருவரும் இருந்தார். சித்திரவதை பற்றிய பாடத்தில் அவர்கள் இருவருக்கும் நடந்த வாதம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. எல்லோரும் ஒரே நாட்டிலிருந்து, கல்லூரி முடித்த கையோடு வந்தவர்களாக இருந்தால் அது நடக்காது.

செலவு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கல்விக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், பாடத்திட்டத்திலேயே இன்டர்ன்ஷிப் இருக்கிறதா, அதற்கு உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள். ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப் சம்பளம் இல்லாதது. ஜெனீவா மாதிரி ஊரில் சொந்தப் பணத்தில் மாதக்கணக்கில் இருக்க முடிந்தவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். உரிமையைப் பற்றிப் படிக்கும் துறையின் நுழைவாசலே இப்படி இருப்பதை நான் ஏற்கவில்லை. அது மாறும்வரை கேட்டுத்தான் போக வேண்டும்.

கதிர்

எல்லோரும் எந்தப் படிப்பு என்று பேசுகிறீர்கள். படிப்பே தேவையா என்று நான் கேட்கிறேன். கோபமாக எழுதவில்லை, இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாக அரிக்கிறது.

நிலத்தைப் பறிகொடுத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். எங்களிடம் முதுகலை மாணவர்கள் வருவார்கள். இரண்டு வாரம் இருப்பார்கள், எல்லோரையும் பேட்டி எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஆய்வேடு வெளிநாட்டு நூலகத்தில் இருக்கும். எங்கள் மக்களுக்கு அதில் ஒரு பக்கம்கூடத் திரும்பி வந்ததில்லை. ஒரு பாட்டி என்னிடம், "போன தடவை வந்த பிள்ளைகிட்ட சொன்னேனே, அது என்னாச்சு?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? //அதுவே ஓர் ஆய்வேடு// என்று மாறன் எழுதியிருக்கிறார். அந்தப் புகார்களைச் சொன்ன பெண்கள் ஆய்வேட்டுக்காகச் சொல்லவில்லை.

மாறன்

கதிர், நியாயமான கேள்வி. தரவு அந்தப் பெண்களுடையது. அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் வழக்குக்கும் எடுக்கக் கூடாது, ஆய்வேட்டுக்கும் எடுக்கக் கூடாது. அதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

நாச்சியார்

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மனித உரிமை முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கதிர் தம்பி எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்ட அனுமதி கேட்கிறேன்.

2011 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை மனித உரிமைக் கல்வி பற்றி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. உரிமைகளைப் பற்றிய அறிவு, உரிமைகளை மதிக்கும் விதத்தில் கற்பித்தல், உரிமைகளைக் காக்கும் திறன் தருதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் மனித உரிமைக் கல்வி என்கிறது அது. முதலாவதைப் பல்கலைக்கழகங்கள் நன்றாகவே செய்கின்றன. மூன்றாவதை ஓரளவு செய்கின்றன. இரண்டாவதில்தான் பெரிய ஓட்டை. மனித உரிமைத் துறை இருக்கும் கட்டடத்தைப் பெருக்கும் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் சம்பளம் ஒழுங்காகத் தருகிறாரா? சக்கர நாற்காலியில் வரும் மாணவர் வகுப்பறை வரை வர முடிகிறதா? ஆசிரியர் மீது பாலியல் புகார் வந்தால் மாணவி எங்கே போவார், புகார் சொன்னவருக்கு என்ன பாதுகாப்பு? இவற்றைப் பற்றிப் பேச்சே எழாத துறையில் உடன்படிக்கைகளை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் அது அரைக் கல்விதான். விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் இதைக் கேளுங்கள், பூங்குழலி. துறைத் தலைவரிடம் கேட்டால் கொள்கை ஆவணத்தை அனுப்புவார், மாணவர்களிடம் கேட்டால் நடப்பதைச் சொல்வார்கள்.

கள ஆய்வு பற்றி: எங்கள் துறையில் ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் யாரும் களத்துக்குப் போக முடியாது. அதோடு நிற்காமல் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். பேட்டி கொடுத்தவர்களின் மொழியில், அவர்கள் கையில் கொடுக்கக்கூடிய நாலு பக்கச் சுருக்கம் இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன். எடுத்துக்கொண்டு போய் நேரில் படித்துக் காட்டிவிட்டு வர வேண்டும். சில மாணவர்களுக்கு முழு ஆய்வேட்டையும் விட அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எளிமையாக எழுதும்போதுதான் எங்கே சரக்கு இல்லை என்பது தெரிகிறது.

இன்னொன்று, ஏற்கெனவே வேறு யாரிடமாவது சொல்லிப் பதிவான கதையை மறுபடி சொல்ல வைக்காதீர்கள். வன்முறைக்கு ஆளானவரை ஒவ்வொரு முறை பேச வைப்பதும் மறுபடி அந்த இடத்துக்கு இழுத்துப்போவதுதான். இருக்கிற ஆவணத்தை முதலில் தேடிப் படியுங்கள். சித்திரவதையை ஆவணப்படுத்த 1999இல் வந்த இஸ்தான்புல் நெறிமுறை, 2022இல் திருத்தப்பட்ட வடிவத்தோடு, எல்லாத் துறை மாணவர்களும் படிக்க வேண்டியது. எப்படிக் கேட்பது, எப்போது நிறுத்துவது, மருத்துவர் எதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாக இருக்கிறது.

கதிர்

தாராளமாக வாசித்துக் காட்டுங்கள், அம்மா. அந்த நாலு பக்க விதி எல்லா இடத்திலும் இருந்தால் எனக்குப் பாதிக் கோபம் போய்விடும்.

அகிலன்

புதிதாக ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம் மாணவர்களை வைத்து ஒரு புலனாய்வுக் கூடம் தொடங்கியது. அதே ஆண்டில் ஆம்னெஸ்டி என்ற பன்னாட்டு உரிமை அமைப்பு பெர்க்லி, எசெக்ஸ், பிரிட்டோரியா மாணவர்களோடு சேர்ந்து வீடியோ சரிபார்க்கும் குழுக்களை அமைத்தது. நான் வேறோர் இடத்தில் இதே மாதிரி ஒரு குழுவில் இருந்தேன்.

ஒரு தெருவில் சிப்பாய்கள் சுடும் வீடியோ வருகிறது என்று வையுங்கள். முதலில் அதைத் தரவிறக்கி ஹேஷ் எண் (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) எடுத்து வைப்போம். பிறகு யாரும் ஒரு ஃப்ரேமைக்கூட மாற்றவில்லை என்று காட்ட அது வேண்டும். அடுத்து, இது பழைய வீடியோவா என்று படத்தை வைத்துத் தேடுவோம். அப்புறம் இடம். பின்னணியில் தெரியும் தண்ணீர்த் தொட்டி, மலை முகடு, கடைப் பலகையின் எழுத்து, மின்கம்பங்களின் இடைவெளி, எல்லாவற்றையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவோம். இடம் உறுதியானால் நிழலின் திசையையும் நீளத்தையும் வைத்து நேரம். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒரே முடிவுக்கு வந்தால்தான் ஏற்போம். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி மையமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை இதற்கெல்லாம் ஒழுங்கு வகுத்திருக்கிறது.

இந்த வேலை மனதைப் பாதிக்கும். எங்கள் குழுவில் சில பழக்கங்கள் வைத்திருந்தோம். முதல் முறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிடுவது, திரையைச் சின்னதாக வைப்பது, தூங்கப்போகும் முன் பார்க்காமல் இருப்பது, தனியாகப் பார்க்காமல் இருப்பது. படத்தை விட அலறல் சத்தம்தான் ரொம்ப நாள் கூடவே இருக்கும். மாணவர்களை இந்த மாதிரி வேலையில் இறக்கும் துறை, ஆலோசகரை ஏற்பாடு செய்திருக்கிறதா என்று கேட்காமல் சேராதீர்கள்.

எழிலன்

ஒலியை நிறுத்துவது நல்ல யோசனை. விசாரணை ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் என் உதவியாளர்களுக்கும் இப்படி ஒரு ஒழுங்கு வைக்க வேண்டும்.

யாழினி

வேலை பற்றி யாரும் நேராகப் பேசவில்லை, வீட்டில் கேட்கும் கேள்வி அதுதானே.

இப்போது காலம் கடினம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் உலகம் முழுக்க எத்தனையோ உரிமை அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன, சில மூடியே போயின. ஐ.நா.வும் பண நெருக்கடியில் பணியிடங்களைக் குறைத்துவருகிறது. அதனால் "முதுகலை முடித்தால் ஐ.நா. வேலை" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆனால் என்னோடு படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், மனித உரிமை என்று பெயர்ப்பலகை போட்ட இடத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருத்தி தொழிற்சங்கத்தில் ஆய்வாளர். ஒருவர் நாடாளுமன்றக் குழுவுக்கு ஆவணம் தயாரிக்கிறார். ஒருவர் மருத்துவமனையில் நோயாளிகளின் புகார்களைக் கவனிக்கிறார். நான் ஒரு நிறுவனத்தின் சப்ளையர்களிடம் தொழிலாளர் நிலைமையைச் சரிபார்க்கிறேன். எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்தது பட்டத்தின் பெயர் அல்ல, அதோடு வந்த ஒரு திறமை. அரசின் பட்ஜெட்டைப் படிக்கத் தெரியும், கணக்கு எடுக்கத் தெரியும், வாக்குமூலம் எழுதத் தெரியும், இன்னொரு மொழி தெரியும், இப்படி ஏதாவது ஒன்று.

பட்ஜெட் என்றதும் நினைவு வருகிறது. பொருளாதார, சமூக உரிமைகளுக்கான உடன்படிக்கை, ஓர் அரசு தன்னிடம் இருக்கும் வளங்களை அதிகபட்சம் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அதை வகுப்பில் படித்தபோது சாதாரண வாக்கியமாக இருந்தது. சுகாதாரத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு, செலவாகாத பணம் ஆண்டு இறுதியில் எங்கே போனது என்று மூன்று வரிசைகளில் எழுதிப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியத்தை வைத்து ஓர் அமைச்சகத்தைக் கேள்வி கேட்க முடியும் என்று தெரிந்தது. இந்தப் பயிற்சி எந்தப் படிப்பில் இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பூங்குழலி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டமா பல்துறையா என்று கேட்டு வந்தேன். இப்போது என் பட்டியலில் இருக்கும் படிப்புகளை, அங்கே மாணவர்கள் கையால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து மறுபடி வரிசைப்படுத்துகிறேன். மாணவர்களே உண்மையான வழக்குகளில் வேலை செய்யும் கிளினிக் இல்லாத இரண்டை நீக்கிவிட்டேன். எம்ஏதான், கள ஆய்வு முறை கட்டாயமாக உள்ளது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தம் 2011இல் வந்தும் எங்கள் பெண்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆய்வு அதைச் சுற்றித்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்கிறார்கள். புகார்களை வைத்து எழுதலாமா? கதிர் அண்ணா சொன்னதைப் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது.

கதிர்

அந்தப் பெண்களிடமே கேளுங்கள், தங்கை. "உங்கள் புகாரைப் பெயர் சொல்லாமல் என் படிப்பு விண்ணப்பத்தில் எழுதலாமா" என்று. வேண்டாம் என்பவருடையதைத் தொடாதீர்கள்.

நாச்சியார்

கதிர் சொன்னதுதான் சரி. அதற்கு மேல் ஒன்று: பெயரை நீக்கினால் மட்டும் போதாது. முதலாளியின் தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை, சொந்த ஊர், வந்த மாதம் இவை சேர்ந்தாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தனி மனிதர் கதையாக எழுதாமல், உங்கள் அமைப்பின் புகார்ப் படிவத்தைப் பற்றி எழுதுங்கள். அதில் என்ன கேட்கிறோம், என்ன கேட்காமல் விடுகிறோம், மனுத் தேதிக்குக் கட்டம் சேர்த்த பிறகு என்ன மாறியது. தேர்வுக் குழுவில் நான் உட்காரும்போது இந்த மாதிரிக் கட்டுரை வந்தால் மேலே எடுத்து வைப்பேன். பரிந்துரைக் கடிதத்தைப் பேராசிரியரிடம் ஒன்றும், அமைப்பில் உங்களோடு வேலை பார்க்கும் மூத்தவரிடம் ஒன்றும் வாங்குங்கள். உதவித்தொகைக்கான கடைசி நாள் பல இடங்களில் சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடும், அதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.